மஞ்சள் பாட்டில்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். டாக்டரம்மா. நர்ஸ் ரோஸி. நான். மூன்றாம் கட்டிலில் பச்சையம்மா. அவள் கால்மாட்டில் தரையில் குந்தியிருந்த அவள் புருஷன் சடையன். நான்காம் கட்டிலில் ரிஷிவந்தியத்துப் பெரிய வீட்டு மருமகள். கர்ப்பத்தில் இருந்த இரண்டையும் சேர்த்தால் எட்டு. இதற்கு மேல் யாராவது இருந்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எத்தனையோ முறை மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

என் பெயர் ஜமீலா. கள்ளக்குறிச்சியில் இருபது படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோமில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். இப்போது அந்தக் கட்டிடம் இல்லை. டாக்டரம்மாவும் இல்லை. ஏழாவது படிக்கும்போது வயதுக்கு வந்தேன். அத்தா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார். எண்ணெய்க் கடை வைத்திருந்த குடும்பம். கல்யாணமாகி நான்கு வருடத்தில் கணவர் போய்விட்டார். டாக்டரம்மா வீட்டுக்கு எண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்த பழக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பெட்பேன் அலசுவதில் தொடங்கி, மூன்று வருடத்தில் மருந்து அலமாரிச் சாவி என் இடுப்புக்கு வந்தது. பயிற்சி என்று சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

இப்போது எழுதக் காரணம், போன வருடம் ஒரு சின்ன டாக்டர் பெண் என்னைத் தேடி வந்தாள். கர்ப்பத்தில் விடாமல் வாந்தி எடுக்கும் பெண்களின் ரத்தத்தை எடுத்து ஆராய்ச்சி செய்கிறாளாம். பழைய காலத்தில் இந்த மாதிரி கேஸ்களை எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டாள். வாயால் சொன்னேன். பாதிதான் சொன்னேன். அவள் போன பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரி வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருக்கோவிலூர்க்காரர். குட்டையான உருவம். மூக்குக் கண்ணாடியை எப்போதும் தலைக்கு மேல் ஏற்றிவைத்திருப்பார்; எதையாவது படிக்க வேண்டும் என்றால் அதைத் தேடுவார். நோயாளி பக்கத்தில் போனதும் நாடி பிடிக்க மாட்டார். குனிந்து, "ஊது" என்பார். வாய் வாசனையைப் பார்த்த பிறகுதான் கை. யாரையும் சத்தம் போட்டுத் திட்டியதில்லை. கோபம் வந்தால் குழாயைத் திறந்து முழங்கை வரை கை கழுவுவார். எவ்வளவு நேரம் கழுவுகிறாரோ அவ்வளவு கோபம். நாங்கள் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்.

"பாத்தியா, நெனச்சியா?"

குழந்தை அசையுது என்று சொன்னாலும் அதுதான், ஜுரம் குறைஞ்சிருக்கு என்று சொன்னாலும் அதுதான். நினைத்தேன் என்று சொன்னால் தெர்மாமீட்டரைக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்புவார். எனக்கு இயற்கையாகவே எதிலும் சந்தேகம். பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவள். அதனால் அவருக்கு என்னைப் பிடித்தது. சாவி என்னிடம் வந்ததற்கும் அதுதான் காரணம். அதுதான் பின்னால் நடந்த கேட்டுக்கும் காரணமாயிற்று.

இட ஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் நடந்த வருடம் அது. ஒரு வாரம் ஊர் ஊராக மரத்தை வெட்டி ரோட்டில் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை. லாரி இல்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகிற கரும்பு வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்று கரும்பு காய்ந்தது. துப்பாக்கிச் சூடு என்றும் ஆட்கள் செத்தார்கள் என்றும் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். கடைத்தெருவில் ஒரு ஷட்டர்கூடத் திறக்கவில்லை. மருந்துக் கடையும் மூடித்தான் கிடந்தது.

இருபது கட்டில், அலமாரியில் இருப்பது இவ்வளவுதான். பஞ்சு எத்தனை கட்டு, குளுக்கோஸ் எத்தனை பாட்டில், ஊசி எத்தனை என்று காலையும் மாலையும் எண்ணினேன். பி-காம்ப்ளெக்ஸ் ஆம்பூல் ஐந்துதான் இருந்தது.

இந்த ஆம்பூலைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இதை உடைத்துக் குளுக்கோஸ் பாட்டிலில் ஏற்றினால் பாட்டில் முழுக்க மஞ்சளாகிவிடும். ஜனங்களுக்கு அதன் மேல் பெரிய நம்பிக்கை. வெள்ளை பாட்டில் வெறும் தண்ணி, மஞ்சள் பாட்டில்தான் சத்து. "ஒரு மஞ்சக்கலர் போட்டு அனுப்புங்கம்மா" என்று கேட்டு வாங்குவார்கள். அதனால் எங்கள் நர்சிங் ஹோமில் ஒரு வழக்கம் உண்டு. வாந்தியோ பேதியோ, யார் வந்தாலும் முதலில் வெள்ளை பாட்டில்கள். வீட்டுக்குப் போகிற அன்று கடைசி பாட்டில் மட்டும் மஞ்சள். கல்யாண வீட்டில் வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்புகிற மாதிரி. யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது. நான் சேரும்போதே இருந்தது. ஏன் கடைசியில், ஏன் முதலில் இல்லை என்று யாரும் கேட்டதில்லை.

மறியலின் இரண்டாம் நாள் உச்சிவெயிலில் பச்சையம்மா வந்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தாண்டை ஒரு சின்ன ஊர். இரண்டு வயது நிரம்பாத மகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். போர்வையை மூங்கிலில் கட்டித் தூளியாக்கி, நான்கு பேர் மாற்றி மாற்றித் தோள்கொடுத்து மலையிறங்கி, கச்சிராயப்பாளையம் வரை சுமந்து வந்திருக்கிறார்கள். அங்கிருந்து கட்டை வண்டி. வழியில் வெட்டிப்போட்ட ஒவ்வொரு மரத்திடமும் வண்டியை நிறுத்தி, தூளியை அந்தப் பக்கம் தூக்கிவைத்து, மாட்டை அவிழ்த்துச் சுற்றி ஓட்டி வர வேண்டும். மறியலில் நின்ற பையன்கள்தான் தூக்கிவிட்டார்களாம்.

"இன்னா கேஸுன்னு கேட்டாங்க. மசக்கைன்னேன். மசக்கைக்கா தூளி கட்டிக்கினு வரே, மாங்கா வாங்கிக் குடுய்யான்னு சிரிச்சாங்க" என்றான் சடையன். சொல்லும்போது அவனும் சிரிக்கப் பார்த்தான்.

நானும் சிரித்தேன். அதை மறைக்க மாட்டேன். மசக்கை என்றால் எல்லோருக்கும் சிரிப்புதான். பச்சையம்மாவுக்கு நான்கு மாதம் முடியவில்லை. ஏழு வாரமாக வாந்தி. கடைசி மூன்று வாரம் சாமைக் கஞ்சித் தண்ணீர்கூடத் தங்கவில்லையாம். தூளியை அவிழ்த்துக் கட்டிலில் போட்டபோது எடை தெரியவில்லை. துவைத்த புடவையைத் தூக்குகிற மாதிரி இருந்தது. கன்ன எலும்பு மேலே ஏறியிருந்தது. உதடு வெடித்து, அந்த வெடிப்பில் ரத்தம் காய்ந்திருந்தது.

டாக்டரம்மா குனிந்தார். "ஊது."

பச்சையம்மா ஊதினாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நானும் குனிந்தேன். அழுகப் போகிற பழத்தின் வாசனை. இனிப்பும் புளிப்பும் கலந்த ஒன்று. மூக்கை விட்டு இறங்கவே இறங்காது.

"யூரின் புடிச்சி சைடு ரூமுக்கு எடுத்துனு போ. வளையம் பாத்துட்டு சொல்லு."

அந்த வளையம் பார்ப்பதுதான் என் வேலையில் எனக்குப் பிடித்தது. டெஸ்ட் ட்யூபில் ஒரு விரல் உயரத்துக்குச் சிறுநீர். அதில் அம்மோனியம் சல்பேட் உப்பை, இனிக் கரையாது என்று அடியில் தங்குகிற வரை போட்டுக் குலுக்க வேண்டும். அப்புறம் சிவப்பாக, கண்ணாடித் தூள் மாதிரி இருக்கும் நைட்ரோப்ரசைட் உப்பில் ஒரு மிளகளவு. அதையும் குலுக்கி, ட்யூபைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் வழிந்து இறங்குகிற மாதிரி அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கை நடுங்கினால் எல்லாம் கலந்துவிடும். பிறகு ட்யூபை நிமிர்த்தி நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். பட்டினியில் உடம்பு தன் கொழுப்பையே எரித்துக்கொண்டிருந்தால், இரண்டு திரவமும் சந்திக்கிற இடத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வளையம் விழும். நான் நூறு எண்ணுவேன். நம்பிக்கை வராமல் இன்னொரு நூறு எண்ணுவேன்.

பச்சையம்மாவுக்கு இருபது எண்ணுவதற்குள் விழுந்தது. வளையமாகக்கூட இல்லை. மேல் பாதி முழுக்கக் கருங்கத்தரிக்காய் நிறம்.

"பாத்தியா, நெனச்சியா?"

"பாத்தம்மா. இது வரைக்கும் இவ்ளோ கறுப்பா பாத்ததில்ல."

"குளுக்கோஸ் போடு. ரெண்டு ஓடட்டும்."

வெள்ளை பாட்டில். வழக்கப்படி.

அதே நேரம் நான்காம் கட்டிலில் மஞ்சள் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ரிஷிவந்தியத்து மருமகளுக்கு லேசான வாந்திதான். இரண்டாம் நாளே சரியாகி, இட்லி கேட்டுச் சாப்பிட்டாள். ரோடு அடைத்துவிட்டதால் வீட்டுக்குப் போக முடியாமல் தங்கியிருந்தாள். மாமனார் கரும்புக் காணி உள்ளவர். "கடைசி பாட்டில்" என்று ஐந்து ஆம்பூலில் ஒன்றை அவளுக்குக் காலையிலேயே போட்டிருந்தேன். மிச்சம் நான்கு.

சடையன் அந்த மஞ்சள் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலை நான் வாந்தித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது பின்னாலேயே வந்தான்.

"பாயம்மா, நம்ம வூட்டுக்காரிக்கும் அந்த மஞ்ச தண்ணி போடுங்க."

"அது கடைசியில போடறதுப்பா. வூட்டுக்குப் போற அன்னிக்கு."

"சத்துன்றாங்களே. சத்தே இல்லாமத்தான கெடக்கறா. மொதல்லயே போட்டா இன்னா?"

இன்றைக்கும் அந்தக் கேள்வி என் காதில் இருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் கேட்காத கேள்வியை, மலையிலிருந்து கடுக்காய் பொறுக்கி விற்கிறவன் கேட்டான்.

"காசு குடுத்தா போடுவீங்களா?" என்று வேட்டி மடிப்பை அவிழ்த்தான். சுருட்டிய நோட்டுகள். ஐந்து ரூபாய் நோட்டு இரண்டு, இரண்டு ரூபாய் நோட்டு மூன்று, மீதி சில்லறை. மொத்தம் பதினெட்டு. நான்காம் கட்டிலில் விலை விசாரித்து வைத்திருந்தான். "எண்ணிக்கோங்க" என்றான்.

வாங்கினேன். எண்ணினேன். "நாளைக்குப் பாக்கலாம்" என்றேன்.

மதியம் ரோஸி வந்து கேட்டாள். "ஜமீலாக்கா, அந்த மலைக்காரன் உசுர வாங்கறான். பி-காம்ப்ளெக்ஸ் இருக்கா, ஒண்ணு குடேன், போட்டுத் தொலைக்கிறேன்."

"ஸ்டாக் இல்ல" என்றேன்.

இருந்தது. அலமாரியின் மேல் தட்டில், பஞ்சுக் கட்டுக்குப் பின்னால், ஒரு தகர டப்பாவில் நான்கும் இருந்தன. முந்தின நாளே நான்தான் அங்கே தள்ளி வைத்தேன். திருடவில்லை. விற்கவில்லை. பயம். ரோடு எப்போது திறக்கும் என்று தெரியாது. பிரசவத்தில் ரத்தம் கொட்டி யாராவது வந்தால், பெரிய வீட்டுக் கேஸ் வந்து மஞ்சள் கேட்டால், இல்லை என்றால் என்ன ஆகும்? மசக்கைக்கு எதற்கு? வாந்தி நின்றால் தானே சாப்பிடப் போகிறாள். நான் நினைத்தேன். பார்க்கவில்லை.

நான்கு நாளில் ஒன்பது வெள்ளை பாட்டில் ஏறியது. வாந்தி குறைந்தது. பீங்கான் தட்டில் விழுவதை ஜாடியில் ஊற்றி, அளவுக் கோட்டைப் பார்த்து, தலைமாட்டு அட்டையில் எழுதுவேன். முதல் நாள் பதினோரு முறை. நான்காம் நாள் இரண்டு முறை. வளையம் வெளிறி, கடைசியில் வரவே இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். "ஒங்க பொஞ்சாதி தேறிட்டா" என்று சடையனிடம் சொன்னேன். அவன் என் காலைத் தொட வந்தான். விலகிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை. முதல் வரியில் சொன்ன நாள் இதுதான்.

பச்சையம்மா எழுந்து ஒதுங்கப் போனவள் சுவரில் இடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு காலையும் அகல வைத்து, சேற்றில் நடக்கிற மாதிரி நடந்தாள்.

"இன்னாடி, காலைலயே சாராயம் போட்டவளாட்டம் ஆடறே?" என்று நான்காம் கட்டில் சிரித்தது.

பச்சையம்மா திரும்பிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் யாரு?" என்றாள்.

கட்டிலில் இருந்தது ஒருத்திதான்.

நான் அவளைப் பிடித்துப் படுக்க வைத்தேன். அப்போதுதான் அவள் கண்ணைப் பார்த்தேன். கருவிழி ஓரிடத்தில் நிற்கவில்லை. பக்கவாட்டில் துடித்துக்கொண்டே இருந்தது. சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலத்தை யாரோ அவசரப்படுத்தின மாதிரி. ரோஸி ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூப்பிட்டு வந்தாள்.

டாக்டரம்மா அன்று "ஊது" என்று சொல்லவில்லை. தலைமேல் இருந்த கண்ணாடியைத் தேடாமல் இறக்கி மாட்டிக்கொண்டார். தன் ஆள்காட்டி விரலை அவள் முகத்துக்கு முன்னால் வைத்து மெதுவாக நகர்த்தினார். "வெரலயே பாரு." கண் விரலோடு போகவில்லை. பாதியில் நின்று துடித்தது.

"இது எத்தன நாளா?"

"இப்பத்தாம்மா பாத்தேன்."

"எத்தன பாட்டில் போயிருக்கு?"

"ஒம்பது."

"எல்லாம் வெறும் குளுக்கோஸா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் பாட்டில் குழாயைக் கையால் இறுக்கிப் பிடித்து, ஓடிக்கொண்டிருந்த பாட்டிலை நிறுத்தினார். "பி-ஒன் வேணும். பி-காம்ப்ளெக்ஸ் எதுனா இருக்கா? ஒடனே வேணும்."

ரோஸி, "ஸ்டாக் இல்லன்னு ஜமீலாக்கா..." என்று ஆரம்பித்தாள்.

நான் ஸ்டூல் போட்டு ஏறி, பஞ்சுக் கட்டை நகர்த்தி, தகர டப்பாவை எடுத்துவந்து டாக்டரம்மா கையில் கொடுத்தேன். மூடியைத் திறந்தார். நான்கு ஆம்பூல். அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றை உடைத்து நரம்பில் மெதுவாக ஏற்றினார். மற்ற மூன்றையும் உப்புத் தண்ணீர் பாட்டிலில் கலந்தார். பாட்டில் மஞ்சளாயிற்று.

சடையன் எழுந்து நின்று அதைப் பார்த்தான். அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை.

"போட்டுட்டாங்க புள்ள, மஞ்ச தண்ணி. இனிமே சரியாப்பூடும்" என்று பெண்டாட்டியின் காதருகே சொன்னான்.

டாக்டரம்மா வெளியே போனார். கடைத்தெருவில் மருந்துக் கடைக்காரர் வீடு கடைக்குப் பின்னாலேயே இருக்கிறது. பின்கதவைத் தட்டி, முழுப் பெட்டி பி-ஒன் ஊசியை வாங்கிக்கொண்டு கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். அந்தக் கடைக்காரர் எனக்குச் சின்னத்தா, சித்தப்பா முறை. ஷட்டர் மூடியிருக்கிறது என்று ஐந்து நாளும் நான் எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, அந்தப் பின்கதவை ஒரு தடவை தட்டிப் பார்க்கவில்லை.

வந்ததும் டாக்டரம்மா குழாயைத் திறந்தார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடியும் போட்டுக் கழுவினார். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கடைசியில் முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

"பட்டினி கெடந்த ஒடம்புல மொதல்ல சக்கரைய ஏத்தினா, மிச்சம் இருக்கற கொஞ்சூண்டு பி-ஒன்னயும் அது தின்னுடும். மூள காஞ்சி பூடும். நான் படிச்சிருக்கேன் ஜமீலா. வழக்கம் வழக்கம்னு நானும் பாக்காம வுட்டுட்டேன்."

துண்டை வாங்கிக்கொண்டார். "அவங்கிட்ட அதுக்குக் காசு வாங்காத" என்றார்.

பதினெட்டு ரூபாய் என் இடுப்பில் சாவிக்குப் பக்கத்தில் முடிந்திருந்தது. வாங்கியாகிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலத்துக்குள் கண் நின்றுவிட்டது. விரலோடு போனது, விரலோடு வந்தது. எல்லோரும் மூச்சு விட்டோம். மறுநாள் காலை நான் கஞ்சி கொண்டுபோனேன்.

"யாரு நீங்க?" என்றாள் பச்சையம்மா.

"பாயம்மா. அஞ்சாறு நாளா நாந்தான பாத்துக்கறேன்?"

"ஆமாமா" என்று சிரித்தாள். "நேத்து சந்தையில பாத்தோமே. புளி வாங்கினீங்களே."

ஜுரத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன். ஜுரம் இல்லை. கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்த் திரும்பினேன். "யாரு நீங்க?" என்றாள்.

இரண்டு நாள் கழித்துக் கரு கலைந்தது. நான்தான் சுத்தம் செய்தேன். அவள் அழுதாள், வலியில். வலி குறைந்ததும், "எனக்கு ஏன் வயிறு வலிக்குது?" என்று புருஷனைக் கேட்டாள். அவன் சொன்னான். கேட்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஏன் வயிறு வலிக்குது?" என்றாள். அவன் மறுபடியும் சொன்னான். அவள் புதிதாக அழுதாள். நான்காவது தடவை அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவளிடம், "சூட்டு வலி புள்ள, சரியாப்பூடும்" என்றான். அதற்கு அவள் அழவில்லை. அன்றிலிருந்து அவன் அதையே சொன்னான்.

பி-ஒன் பெட்டி முழுக்கப் போட்டோம். நடை கொஞ்சம் தேறியது. மனசு தேறவில்லை. மரங்களை அகற்றி பஸ் விட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு மலைக்கே கூட்டிப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். எங்களிடமிருந்து கிளம்பும்போது சடையன் என் எதிரில் வந்து கை கூப்பினான். "சொன்ன மாதிரியே மஞ்ச தண்ணி போட்டீங்க. அதுல தான் உசுரு நின்னுது" என்றான். காசைத் திருப்பிக் கொடுக்க அதுதான் சமயம். கொடுத்தால் ஏன் என்று கேட்பான். டாக்டரம்மா வேண்டாம் என்றார் என்பேன். ஏன் வேண்டாம் என்றார் என்பான். அப்புறம் தகர டப்பா வரை போக வேண்டியிருக்கும். கொடுக்கவில்லை.

அதற்கடுத்த நாளிலிருந்து எங்கள் நர்சிங் ஹோமில் மஞ்சள் முதலில் ஏறியது, வெள்ளை பிறகு. டாக்டரம்மா யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சாவியையும் என்னிடமிருந்து வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம் என்று பல முறை நினைத்திருக்கிறேன்.

போன வருடம் வந்த சின்ன டாக்டர் பெண்ணிடம் கண் துடித்ததைச் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். முதலில் பி-ஒன், பிறகுதான் குளுக்கோஸ், இப்போது யாருக்கும் அந்த வரிசை தப்பாது என்றாள். கடும் வாந்தியில் ரத்தத்தில் அழற்சி கூடுகிறதாம். உடம்பின் ஒவ்வொரு அணுவிலும் துரு ஏறுகிற மாதிரி ஒரு சேதம் நடக்கிறதாம். அந்தத் துருவைத் துடைக்கிற சத்துகளும் பட்டினியில் தீர்ந்துபோகின்றனவாம். துருவால் வாந்தி அதிகமாகிறதா, வாந்தியால் துரு ஏறுகிறதா என்று இன்னும் முழுசாகத் தெரியவில்லை, அதைத்தான் தேடுகிறோம் என்றாள். பி-ஒன் இல்லாமல் போனால் மூளையில் முதலில் ஏறுவதும் அதே துருதானாம்.

"அப்ப அது மனசால வர்றதில்லையா?" என்று கேட்டேன். எங்கள் காலத்தில், புருஷன் மேல் வெறுப்பு, மாமியாரிடம் நடிப்பு, வேலைக்குக் கள்ளம் என்றுதான் சொல்வோம்.

"இல்லங்கம்மா. ஒடம்புதான். ரத்தத்துலயே தெரியுது."

இன்னொன்றும் கேட்டேன். அந்த மஞ்சள் ஆம்பூலை முதல் நாளே போட்டிருந்தால் பச்சையம்மாவுக்கு நினைவு தப்பாமல் இருந்திருக்குமா என்று. அந்தப் பெண் யோசித்தாள். மஞ்சள் நிறம் பி-டூவினுடையது, அவளுக்கு வேண்டியிருந்த பி-ஒன்னுக்கு நிறமே கிடையாது என்றாள். அந்தக் காலத்து ஆம்பூலில் அது எவ்வளவு இருந்ததோ, போதாமல்கூட இருந்திருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றாள். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள். தகர டப்பாவைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. இங்கேதான் முதல் முறையாகச் சொல்கிறேன்.

ஒரு முறை மலைக்குப் போனேன். அது நடந்து எட்டு மாதம் இருக்கும். பதினெட்டு ரூபாயைக் கைக்குட்டையில் முடிந்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறினேன். வழி முழுக்க அது இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இறங்கி விசாரித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தேன்.

பச்சையம்மா வாசலில் உட்கார்ந்து முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். உடம்பு போட்டிருந்தாள். கை பழகிய வேலையை மறக்கவில்லை; தவிடு அழகாகப் பறந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வாய் நிறையச் சிரித்தாள்.

"வாங்க வாங்க. நேத்துதான சந்தையில பாத்தோம்?"

இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று ஓடிவந்து அவள் முதுகில் சாய்ந்தது. அவள் அதன் கையை எடுத்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இது யாரு வூட்டுக் கொழந்த? எப்பப் பாத்தாலும் எம்மேலயே வந்து வுழுது."

குழந்தைக்கு அது பழகிப்போயிருந்தது. மறுபடியும் வந்து சாய்ந்தது.

சடையன் கடுக்காய் மூட்டையோடு வந்தான். என்னை அடையாளம் கண்டதும் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டான். "மஞ்ச தண்ணி போட்டு இவ உசுரக் காப்பாத்தின பாயம்மா இவங்கதான்" என்றான். நாலைந்து பேர் வந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஒரு கிழவர் உட்காரப் பலகை கொண்டுவந்து போட்டார். சடையன் ஒரு பாட்டில் தேனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கையில் திணித்தான். காசு வேண்டாம் என்றான்.

கைக்குட்டையைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. தேனை வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸில் மலையிறங்கிவிட்டேன்.

அதற்கப்புறம் நான் போகவில்லை. சடையன் இருக்கிறானா, பச்சையம்மா இருக்கிறாளா, அந்தக் குழந்தையை யார் கட்டிக்கொடுத்தார்கள், எதுவும் தெரியாது. விசாரிக்கப் பயம். புதிதாகச் சாவி வாங்குகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இருக்கிறதை இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அந்த நோட்டுகளில் சில இப்போது செல்லுமா என்று தெரியவில்லை. அதே கைக்குட்டையில்தான் இருக்கின்றன. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் எண்ணிவிட்டு வந்தேன். கல்வராயன் மலைச் சடையனுக்கு நான் தர வேண்டியது பதினெட்டு ரூபாய்.